அத்தானைத் தேடிப்போன மலையூர்

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது அத்தானின் வேலையும் போனது. கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் எஞ்சின் திருத்தியவர், கொஞ்சக்காலம் கப்பல்துறைக் கிராமத்தில் அக்காவோடு தோட்டம் செய்து பார்த்தார். மழை ஏமாற்றியது. கடைசியில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறினார். இரண்டாம் பயணத்திலேயே தந்தி வந்தது. நடுக்கடலில் காய்ச்சல் கண்டு, இத்தாலியில் இறக்கி, ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். அங்கேயே இறந்து, அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டதாம்.

அக்கா அழவில்லை. "ஆர் பார்த்தது?" என்று மட்டும் கேட்டாள். பொட்டை அழிக்கவில்லை. திவசம் செய்யவும் விடவில்லை. உறவுக்காரர் சொல்லிச் சொல்லிக் களைத்து, பிறகு வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பல வருடங்களின் பின் நானும் கப்பலுக்குத்தான் போனேன், குசினியில் சமையல் வேலைக்கு. ஒருமுறை எங்கள் கப்பல் அந்தக் கரைக்குப் போகிறது என்று அறிந்ததும் அக்காவிடம் சொன்னேன். திருநீற்றைக் கடதாசியில் மடித்துத் தந்தாள்.

"போய் உன்ர கண்ணால பார், தம்பி. அவர்தான் எண்டா, அந்த இடத்து மண்ணில ஒரு பிடி கொண்டு வா. அப்ப நம்புறன்."

இத்தாலித் துறைமுகத்திலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் ஒலிவ் மரங்கள். ஒலிவ் என்றால் எங்களூரில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கும் வெரளிக்காயாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இது வேறு மரம். முறுக்கிப் பிழிந்த துணிபோல அடிமரம், சாம்பல் பூசிய இலை. பெண்கள் நிலத்தில் வலை விரித்து, தடியால் கிளைகளை அடித்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பழைய கல்மதிலுக்குள் ஊர். கல் வீடுகள், கல் தெரு, எல்லாம் ஒரே நிறம். பிழைப்பில்லாமல் ஊரை விட்டுப் போனவர்களின் கதவுகள் போலும், பாதிக்குமேல் பூட்டிக்கிடந்தன. குளிர் எலும்பைக் குடைந்தது.

ஆஸ்பத்திரியில் வயதான கன்னியாஸ்திரி ஒருத்திக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அத்தானை அவளுக்கு நினைவிருந்தது. அவர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லையாம். கஞ்சி கொடுத்தால் கைகூப்புவாராம். அவளே என்னை மதிலுக்கு வெளியேயிருந்த சவக்காலைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த காவல்காரன் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் முகம் மாறியது. பிறகு எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஊரில் இடம் குறைவு. புதைத்துச் சில வருடங்கள் போனபின் உரியவர்கள் யாராவது வந்து கேட்டால்தான் குழியை விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் தோண்டி, எலும்பை எடுத்து, சவக்காலைக்குள் எலும்புக்கென்றே கட்டிய பொதுக்கிணற்றில் போட்டுவிடுவார்கள். அத்தானைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

காவல்காரன் ஒரு கல்மூடியைக் காட்டினான். அதன் கீழேதான் எல்லோரும்.

"திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். கன்னியாஸ்திரி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பார்த்தாலும் எது எவருடையது என்று எப்படித் தெரியும்? திருநீற்றை அந்த மூடியில் தூவினேன். சுற்றிலும் கல் பாவியிருந்தது. ஒரு பிடி மண்ணுக்கு வழியில்லை.

திரும்பும்போது ஒலிவ் தோட்டத்து ஓரத்தில் குனிந்து மண்ணை அள்ளிவிட்டேன். சிவந்த மண், ஈரமாக இருந்தது. அக்காவின் கையில் இதை வைத்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் எவன் தோட்டத்து மண்ணையோ அத்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதறிவிட்டு பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அக்கா கதிரையில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"அவரைத் தனியா எடுக்க ஏலாதோ?"

"ஏலாது அக்கா."

"ஒருத்தரும் போய்க் கேக்கேல்ல எண்டுதானே தோண்டினவங்கள்?"

நான் பையை அவிழ்க்கக் குனிந்தேன்.

"சொல்லடா."

"ஓம்."

"நான் நம்பியிருந்தா ஆரையாவது அனுப்பியிருப்பன்" என்றாள். நாங்கள் கூலிக்காரர், ஆரை அனுப்பியிருக்க ஏலும் என்று சொல்லிப் பார்த்தேன். அது அவள் காதில் ஏறவில்லை.

அடுத்த அமாவாசைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் அத்தானுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தோம். இறந்த திதி எது என்று குருக்கள் கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியாது. கிணற்றடியில் அக்கா தானே பொட்டை அழித்தாள். அப்போதும் அழவில்லை.

அதன்பிறகு அவள் என்னோடு அதிகம் பேசியதில்லை. கோபம் இல்லை. எங்களுக்குள் கதைக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. விடுமுறையில் நான் வந்தால் சோறு போட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அவளுக்கு ஒரு பொய்யைக் கொண்டுவந்திருக்கலாமோ என்று அந்த வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் நினைப்பேன். இன்றும் எனக்கு விடை தெரியாது.