கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நில்லுங்கள்

மனுஷர்களை நிற்க வைத்து, அவர்கள் எவ்வளவு ஆடுகிறார்கள் என்று அளப்பதுதான் என் தொழில். பிசியோதெரபி படித்துவிட்டு, உடம்பு எப்படி விழாமல் நிற்கிறது என்ற ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் என் எல்லை. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், தடிமனான ஒரு ஸ்பாஞ்சு மெத்தை, எடை மெஷின் மாதிரி ஒரு தட்டு. அந்தத் தட்டில் ஏறி நின்றால், உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை லேப்டாப்பில் கோடாக வரைந்து காட்டும். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம். ஓர் ஆட்டோவில் அடங்கிவிடும்.

கணக்கெடுக்கவோ கருத்துக் கேட்கவோ முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் போய் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் என் இனம். நீங்களாவது கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். நான், வேலைக்குக் கிளம்புகிற ஆளை நிறுத்தி, “கண்ணை மூடி ஒற்றைக் காலில் நில்லுங்கள்” என்று சொல்லவேண்டும். கதவைச் சாத்தியவர்கள் உண்டு. மந்திரிக்க வந்தவள் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நீட்டியவரும் உண்டு. ஆனாலும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கியவர்கள்தான் அதிகம். அவர்களில் சிலரை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

விழுந்த கணக்கு

எங்கள் படிவத்தின் முதல் கேள்வி, “கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை கீழே விழுந்தீர்கள்?” நெட்டுக்குப்பத்தில் இரண்டு நாள் சுற்றினேன். கழிமுகத்துச் சேற்றில் இறங்கி இறால் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி “ஒருவாட்டி கூட இல்ல” என்றார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. இப்படி ஒரு குப்பம் உலகத்திலேயே கிடையாது என்று மனதுக்குள் கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கன்னியம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கேள்வியைக் கேட்டேன். “வுழலயே” என்றார். நான் மாவுக்கட்டைப் பார்த்தேன். அவரும் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, “வழுக்கியது, தடுக்கியது, சாய்ந்தது” என்று மூன்று கேள்விகளாக எழுதினேன். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அன்றைக்குக் கன்னியம்மா சொன்னது இது: “இது வுழுந்தது இல்ல மேடம், வழுக்கிச்சி. வுழறதுன்னா எழுந்துக்காம கெடக்கறது. நா எழுந்து, எறாவ வித்துட்டுத்தான ஆஸ்பத்திரிக்கே போனேன்!”

ஆடாத தரை

ராயப்பன் காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். அறுபதை நெருங்குகிறார். தட்டில் ஏற்றி, “அசையாம நில்லுங்க” என்றேன். சாதாரணமாக லேப்டாப்பில் விழுகிற கோடு ஒரு சின்ன நூல் முடிச்சு அளவுக்கு இருக்கும். இவருடையது இடியாப்பம். மெஷின் சிவப்பு எழுத்தில் “விழும் ஆபத்து அதிகம்” என்று காட்டியது. “அண்ணே, கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க” என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாளைக்குக் காத்தால படகாண்ட வாங்க” என்றார்.

போனேன். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதுமே என் வீரமெல்லாம் போய்விட்டது. படகின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்தேன். ராயப்பன் படகின் விளிம்பில், எதையும் பிடிக்காமல், வலை இழுத்துக்கொண்டிருந்தார். படகு ஏறினால் அவர் முட்டி மடங்கும், இறங்கினால் நீளும். தலை மட்டும் வானத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டது போல ஒரே மட்டத்தில் இருந்தது. நடுவில் இரண்டு கையையும் குவித்துக் காற்றுக்கு மறைத்து ஒரு பீடி வேறு பற்றவைத்தார். பத்து வருஷம் படித்த படிப்பில் இப்படி ஒரு நிற்றலை நான் பார்த்ததில்லை. கரைக்கு வந்ததும் கேட்டேன்: “பின்னே என் தட்டுல ஏன் அண்ணே அப்படி ஆடினீங்க?”

“கீழ ஆடுச்சின்னா நா சும்மா நிப்பேன் டாக்டரம்மா. உங்க தட்டு ஆடவே மாட்டுது, அதான் நா ஆட வேண்டிகீது!”

காதில் கல்

வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடியில் செல்வம். காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சாரத்தில் நின்று, தலையை அண்ணாந்து நாளெல்லாம் அடிக்கவேண்டும். ஒருநாள் அண்ணாந்தவருக்கு உலகம் சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். இறங்கி வந்து தள்ளாடியவரைப் பார்த்த மேற்பார்வையாளர், “குடிச்சிட்டு ஏறுறியா?” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டு மாடிப்படியில் அவர் தள்ளாடியபோது அக்கம்பக்கமும் அதையே சொன்னது. செல்வம் வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அதைச் சொல்லச் சொல்லத்தான் யாரும் நம்பவில்லை. மனைவி ஆனந்தியே ஒரு மாசம் பார்த்துவிட்டு, புளியந்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் குடியிருப்புக்குப் போனது வேறு யாரையோ அளக்க. வெளியே உட்கார்ந்திருந்த செல்வம் தயங்கித் தயங்கி, “படுத்துகினு திரும்புனாலே வூடு சுத்துது மேடம், ஒரு நிமிஷம்கூட இருக்காது, அப்புறம் நின்னுடுது” என்றார். சட்டென்று பொறி தட்டியது. உள்காதில் மணல் மாதிரிப் பொடிக் கல் இருக்கும். அது இடம் மாறி உருண்டால் இப்படித்தான் சுற்றும். ஆனந்திக்கு போன் போட்டு, “ஒரே ஒரு தடவை வந்து பாருங்க” என்று கெஞ்சினேன். வந்தார். புத்தர் படத்துக்குக் கீழே பாயைப் போட்டு, செல்வத்தின் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்தேன். அவருடைய கருவிழிகள் தானாகத் துள்ள ஆரம்பித்தன. “அவர் கண்ணைப் பாருங்க. இதை யாராலும் நடிக்க முடியாது” என்றேன். ஆனந்தி குனிந்து பார்த்தார். துள்ளல் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் நெற்றியில் கையை வைத்தார்.

காது டாக்டரும் அதேதான் என்றார். தலையை முறைப்படி திருப்பித் திருப்பிக் கல்லைப் பழைய இடத்துக்கே அனுப்புகிற வைத்தியம் இரண்டு தடவையில் முடிந்தது. பயம்தான் போகவில்லை. மனுஷர் அண்ணாந்து பார்க்கவே மாட்டேன் என்றார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லி, முதலில் சுவரைப் பிடித்து, பிறகு ஆனந்தியின் தோளைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் என்று தினமும் பழக்கினோம். ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம் நான் படியேறும்போது, ஆனந்தி மூன்றாவது மாடி நடையில் நின்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தார்: “எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க! எங்க வூட்டுக்காரருக்குக் காதுல இருந்தது கல்லு! கள்ளு இல்ல, கல்லு!”

ஆட்டோவிலிருந்து பார்த்தால்

என் ஆய்வுக்கூடத்தைச் சுமக்கும் ஆட்டோ பாபுவுடையது. திருவொற்றியூர்க்காரர், இருபது வருஷமாக ஓட்டுகிறார். நான் அளந்துவிட்டு வந்து ஏறினால், “அந்த நீலச் சட்டைக்காரரு சீக்கிரம் வுழுவாரு, சரிதான?” என்பார். தாளைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆட்டோவில் ஏறும்போது எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறார்கள், இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள், திரும்பும்போது எத்தனை அடி எடுக்கிறார்கள் என்று இருபது வருஷமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். எங்கள் துறையில் இதையெல்லாம் தனித்தனிச் சோதனையாக வைத்திருக்கிறோம்.

ஒருநாள் எங்கள் பேராசிரியர் களத்தைப் பார்க்க வந்தார். விழாமல் நிற்பதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற அம்மா. அவர் ஆட்டோவிலிருந்து இறங்கிப் போனதும் பாபு என் காதருகே, “மேடத்துக்கு எடது கால் அவங்க பேச்ச கேக்கல. பாதத்த தேச்சிகினு வெக்கறாங்க” என்றார். இதை எப்படிப் போய்ச் சொல்வது? ஒரு வாரம் முழுங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார், செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறினார். முதுகெலும்பில் ஒரு நரம்பு நசுங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கால் முழுசாகச் சோர்ந்திருக்கும் என்றார்களாம் டாக்டர்கள். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்த அன்று, என் கட்டுரையின் வரைவைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “பாபு பேரைக் கடைசியில நன்றி சொல்ற இடத்துல போட்டிருக்கே. எடு அதை, மேலே நம்ம பேருக்குப் பக்கத்துல போடு.”

தள்ளுங்கடி

லூர்துமேரி மீன் ஏலக்கூடத்தில் கூவுகிறவர். அவர் குரல் கேட்டால் ஐஸ் வண்டி மாடுகூட வழிவிடும் என்பார்கள். பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில் தடியில்லாமல் நடக்கிற அளவுக்குத் தேறினார். நான் பழக்கிய ஆஸ்பத்திரி அறையில் அழகாக நடப்பார். அந்தத் தைரியத்தில் ஏலத்துக்குப் போன முதல் நாள், மீன் பெட்டி தூக்கி வந்த ஒருவர் தோளில் இடிக்க, கூட்டத்துக்கு நடுவில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியவர் மாதா கோயில் பூசைக்குக்கூட வெளியே வரவில்லை. தப்பு என்னுடையது. யாரும் இடிக்காத அறையில் பழக்கிவிட்டு, எல்லாரும் இடிக்கிற இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

எதிர்பாராமல் தள்ளிவிட்டு, சட்டென்று ஓர் அடி எடுத்துவைத்துத் தப்பிக்கப் பழக்குகிற பயிற்சி ஒன்று உண்டு. அதற்கு ஆளைத் தொங்கவிடும் வாரும் பெரிய மெஷினும் வேண்டும். என்னிடம் இருந்தது இடுப்பில் கட்டும் ஒரு பட்டை மட்டும். லூர்துமேரியின் கூட்டாளிகள் ஸ்டெல்லாவும் ராணியும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தள்ளணும், அவ்ளோதான? நாங்க இன்னாத்துக்கு கீறோம்?” என்றார்கள். அவரை வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டி வந்தவர்களும் அவர்கள்தான். மதியம் ஏலக்கூடம் காலியானதும், நடுவில் அவரை நிறுத்தி, பின்னால் நான் பட்டையைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து தள்ளுவார்கள். முதல் நாள் ராணி தோளைத் தொட்டுவிட்டு, தள்ள மனசு வராமல் அழ ஆரம்பித்துவிட்டார். லூர்துமேரிதான், “எனுக்கு வேல வோணும்டி, தள்ளு!” என்று அதட்டினார். தள்ளினார்கள். என் கையில் தொங்கினார். மறுநாளும் தொங்கினார். மூன்றாவது வாரம் அந்த இடது கால், யாரும் சொல்லாமல், தானாக ஓர் அடி முன்னே போய் ஊன்றியது. நாங்கள் நான்கு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு மாதம் கழித்து ஏலத்துக்கு வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் நெருக்கியது. யாரோ ஒருவர் வஞ்சிரம் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் முதுகில் மோதினார். லூர்துமேரி முன்னால் சாய்ந்தார், ஓர் அடி வைத்தார், நின்றார். பிறகு திரும்பினார். எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ராணியும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ, திட்டு வாங்கியவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. லூர்துமேரி கூவியது இது: “யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? தள்ளிப் போய்யா, ஆளு நிக்கறது தெரில?”

இத்தனை வருஷம் அளந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: உயிருள்ள மனுஷர் யாரும் அசையாமல் நிற்பதில்லை, அளப்பதற்கு முன்னால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நான் பேனாவை நீட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர.