மாடி டிரம்மில் இருந்த தண்ணீர்

எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். அதுவும் வரும் என்று சொன்ன நாளில் வராது. கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, நாங்கள் நல்ல தண்ணீருக்குத் தவம் கிடந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா பெரிய நீல டிரம் ஒன்றைக் கொண்டுவந்து மாடியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டுச் சொத்தே அதுதான்.

தண்ணீர் விட வக்கில்லாத மாநகராட்சிக்காரர்கள், பிடித்துவைத்த தண்ணீரைக் கொட்ட மட்டும் வாராவாரம் ஆள் அனுப்பினார்கள். டார்ச் லைட்டோடு ஓர் அக்கா வருவாள். டிரம்முக்குள் அடித்துப் பார்த்து, கொசுப்புழு நெளிந்தால் கவிழ்த்துவிடுவாள். அவள் சொல்லும் விளக்கத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருமுனை வீட்டு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, டார்ச் அக்காவின் தலை தெரிந்ததுமே, "ஏளா ஸ்டெல்லா, பால் பொங்குது பாரு" என்று குரல் கொடுப்பாள். எங்கள் தெருவில் ஸ்டெல்லா என்று ஒருத்தியும் கிடையாது. அடுத்த நிமிடம் வீட்டுக்கு வீடு டிரம்மின் மேல் பழைய சேலையும் பாயும் ஏறிவிடும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு. எட்டு வயது. சேலையைப் போர்த்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "மேல ஒண்ணும் இல்லக்கா, துணிதான் காயுது" என்பேன். அம்மா என் சாமர்த்தியத்தைத் தெருவெல்லாம் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் முதலில் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காய்ச்சல். அடுத்து எனக்கு வந்து போனது. பிறகு அத்தை மகளுக்கு. ஆறு வயது, பள்ளி விட்டால் எங்கள் மாடியில்தான் விளையாடுவாள். எல்லோரும் சாக்கடையைத் திட்டினோம், ராத்திரியில் கொசுவலை கட்டிப் படுத்தோம். அந்த டெங்குக் கொசுவோ பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் வளர்வது. நாங்கள் போர்த்திய சேலைக்கு அடியில் சுகமாகப் பெருகி, ஒரு வீட்டுக் காய்ச்சலை அடுத்த வீட்டில் சேர்த்துக்கொண்டிருந்தது.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அத்தை மகள் இறந்துபோனாள். மறுநாள் புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தது, பின்னாலேயே தண்ணீர் லாரியும் வந்தது. ஒரு பிள்ளை செத்தால்தான் அந்த லாரிக்கு எங்கள் தெரு தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எங்கள் மேலும் அதே அளவுக்கு எரிகிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அத்தை வந்தாள். கொசு எங்கே வளருகிறது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். நேரே மாடியேறி, சேலையை இழுத்தெறிந்து, டிரம்மைத் தள்ளிக் கவிழ்த்தாள். தரையில் புழுக்கள் நெளிந்தன.

"மதினி, இன்னும் அஞ்சு நாளைக்கு அதுதான் தண்ணி" என்று அம்மா அழுதாள்.

இறங்கிய அத்தையை நான் படியில் மறித்தேன். "எங்க தண்ணிய ஏன் கொட்டுதிய?"

அவள் குனிந்தாள். என் நெற்றியிலும் கழுத்திலும் கையை வைத்துப் பார்த்தாள். தண்ணீரையும் கொட்டிவிட்டுக் கொஞ்சவும் செய்கிறாள் என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். சுடுகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை.