உச்சி வெயிலில் நின்றுபோன மின்சாரம்

ஊரெல்லாம் விளக்குப் போடும் பின்னேரத்தில் தேவை ஒரேயடியாக ஏறும்போது ஓட்டி, இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுகிற மின் நிலையத்தில் எனக்கு வேலை. இதே வேலையை இயற்கை வாயுவில் செய்யும் நிலையங்கள் தெற்கில் வரப்போவதாகச் சொல்கிறார்கள். எங்களுடையவை எண்ணெய் எஞ்சின்கள். பகலில் அவை சும்மா நிற்கும்.

அந்த ஞாயிறு மத்தியானம் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தோம். திடீரென்று மேலே ஓடிய மின்விசிறி தளர்ந்து நின்றது. பொறியியலாளர் மானியைப் பார்த்துவிட்டு, "முழு இலங்கையும் விழுந்திட்டுது போலை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நிமிடம் எங்கள் ஊர் நீர்வேலியில் இருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணை, அப்பாவின்ரை ஒட்சிசன் மிசின் நிண்டிட்டுது!"

"பயப்படாதை. கூரையிலை சோலர் இருக்கெல்லோ?"

"அதுவும் நிண்டிட்டுது. வெயில் கொளுத்துது, ஆனா ஒரு லைற்றும் எரியேல்லை."

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து மூச்சுக்கு அந்த மிசின் வைத்தபோது, கூரையில் சோலர் தகடுகளைப் பூட்டச் சொன்னதே நான்தான். பொறியியலாளரிடம் ஓடினேன்.

"லைன் செத்தால் சோலரும் தானாய் நிண்டிடும். இல்லாட்டி லைன் திருத்தக் கம்பத்திலை ஏறுறவனைக் கரண்ட் அடிச்சுப் போடும். பற்றரி வச்சிருக்கிறியளோ?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கொழும்புக் கட்டுப்பாட்டு அறையில் இருந்து உத்தரவு வந்தது. அழுத்தக் காற்றால் எஞ்சினைக் கிளப்பினோம். தரை அதிர்ந்தது. அவ்வளவு மின்சாரமும் என் கண்முன்னே.

"நீர்வேலிக்கு ஒரு அஞ்சு நிமிசம் குடுக்கேலாதோ, சேர்?"

"முதல் ஆஸ்பத்திரி லைன். இந்த ஒரு எஞ்சினிலை எல்லாரையும் ஏத்தினால் இதுவும் விழுந்திடும்."

தங்கச்சிக்குத் திரும்ப எடுத்து, ஓட்டோ பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பிறகு பொறியியலாளர் தலையாட்ட, ஆஸ்பத்திரி லைனுக்கு மின்சாரம் விடும் ஆளியை நானே போட்டேன். எங்கள் ஊரின் ஆளி பக்கத்திலேயே இருந்தது. அதை நான் தொடவில்லை.

சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மற்ற ஊர்களுக்கும் வெளிச்சம் கொடுத்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரப் பொழுதுபட்டுவிட்டது. அப்பா மூக்கில் குழாயோடு நித்திரையில் இருந்தார். தங்கச்சி போனில் சொன்ன நீலம் உதட்டில் இல்லை. டொக்டர், "நேரத்துக்குக் கொண்டு வந்தீங்கள்" என்றார்.

தங்கச்சி விறாந்தையில் செருப்பில்லாமல் நின்றாள். ஓட்டோவில் ஏறும்போது ஒன்று கழன்று விழுந்ததாம், மற்றதை அவளே எறிந்துவிட்டாளாம்.

"அண்ணை, நீ கரண்டுக்கை தானே வேலை செய்யிறாய். உனக்குமோ தெரியாது?"

அடுத்த கிழமையே பற்றரி பூட்டினோம். அன்றே மெயின் ஆளியை இறக்கிவிட்டு, அப்பாவின் மிசின் ஓடுகிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னேன்.