முதல் ஞானஸ்நானம்

மேரு என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட எங்கள் மெதடிஸ்ட் ஆலயம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. அதைக் கட்டியவர்களில் எஞ்சியிருந்தவர் தாத்தா ஒருவர்தான். ஆண்டு விழாதோறும் ஆலயத்தின் சரித்திரத்தைச் சொல்லும் உரிமை அவருடையது. பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் சேர்த்துவிட்டு வந்தவர்கள் மாலையில் பலகை அறுத்தது, முதல் ஆராதனையன்று கூரை ஒழுகி, போதகர் குடை பிடித்தபடி பிரசங்கம் செய்தது என்று எல்லாம் சொல்லுவார், ஒன்றைத் தவிர.

அம்மாவின் அக்காவான பெரியம்மா, ஓர் இந்துவைக் கல்யாணம் செய்துகொண்டவர். அன்றிலிருந்து தாத்தா தம் மூத்த மகளான அவரோடு பேசுவதில்லை. ஆனால் ஆண்டு விழாச் சமையல் பெரியம்மாவுடையதுதான். பின்னாலிருக்கும் கொட்டகையில் சமைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விடுவார். தாத்தா அந்தச் சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்; சமைத்தவரைத்தான் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்.

எனக்கு ஏழு வயதானபோது நடந்த ஆண்டு விழாவுக்கு அம்பாங்கிலிருந்து புதுப் போதகர் வந்திருந்தார்.

"இங்க மொதமொதல்ல ஒரு பொம்பளப் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம் கொடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு, தாத்தா வழக்கம்போல் அடுத்த விஷயத்துக்குத் தாவினார். போதகர் விடவில்லை.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்காங்க, ஐயா?"

பெரியவர்கள் எல்லாருக்கும் பதில் தெரியும். பெரியம்மாவே சொல்லியிருந்ததால் எனக்கும் தெரியும். சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரியாது.

"பின்னால சாம்பார் கிண்டிக்கிட்டு இருக்காங்க, பாஸ்டர்!" என்று எழுந்து கத்தினேன்.

யாரோ சிரித்தார்கள். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். போதகரோ, "அப்ப போய்க் கூட்டிட்டு வா லா, மா" என்றார்.

ஓடினேன்.

"என்னையா? கையெல்லாம் மஞ்சளா இருக்குடி" என்றார் பெரியம்மா. ஆனாலும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னோடு வந்தார். வாசல்வரை வந்தவர், நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

"உள்ள வா."

"அடுப்புல சாம்பார் இருக்குப்பா."

"அடி பிடிச்சா பிடிக்கட்டும். வாம்மா."

அம்மா நகர்ந்து இடம் விட்டார். இருவருக்கும் நடுவில் நான் நசுங்கினேன். பாட்டு ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் பாடுகிற பாட்டுதான், எனக்கே மனப்பாடம். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் பாடாமல், என் தலைக்குப் பின்னால் கைகோத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பாவம், இருவருக்கும் வரிகள் மறந்துவிட்டன என்று நினைத்து, பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் பிரித்து அவர்கள் மடியில் வைத்தேன்.