புது ஜனாதிபதிக்கு, ஒஸ்லோவிலிருந்து

மற்றவர்களின் சொல்லை மொழிபெயர்க்க வருகிறவர்கள் அவர்களின் பயத்தையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே என் சின்ன அலுவலகம். வழக்கமாகப் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் பதிவும்தான் வரும். இலங்கையில் ஜனாதிபதி திடீரென்று நாட்டை விட்டு ஓடி, இன்னொருவர் அவசரமாகப் பொறுப்பேற்ற அந்த ஆடி மாதம், வந்தவர்கள் எல்லாருக்கும் ஜனாதிபதிக்குத்தான் எழுத வேண்டியிருந்தது. அவர்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் பெயரோடு முத்திரை குத்துவேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த முத்திரையின் கனம் தெரியும்.

பெயர் வேண்டாம்

முதலில் வந்தவர் பஸ் ஓட்டுகிற சிவா அண்ணை. அவருடைய தம்பி பல வருசமாகக் கொழும்பில் சிறையில். புதியவர் மன்னிப்புக் கொடுப்பார் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் யன்னலைச் சாத்தினார். கைத்தொலைபேசியை நிறுத்தி வெளியே கதிரையில் வைத்துவிட்டு வந்தார்.

வழக்கைச் சொன்னார், தம்பியின் வருத்தத்தைச் சொன்னார். தம்பியின் பெயரைக் கேட்டதும் கையை ஆட்டி மறுத்தார். ஊரில் தாய் தகப்பன் தனிய இருக்கிறார்கள். “பேர் இல்லாமல் ஆரை விடுறது அண்ணை?” என்றேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சிறையிலை இருக்கிற ஒரு ஆள் எண்டு எழுதுங்கோ தங்கச்சி, மிச்சம் அவைக்குத் தெரியும்.”

ஆருக்கு எழுதுகிறது?

ஒரு கிழமை கழித்துத் தம்பியின் பெயரைச் சொல்லத் துணிவோடு வந்தார். ‘பதில் ஜனாதிபதி அவர்களுக்கு’ என்று தொடங்கி முடித்தும்விட்டேன். கையெழுத்துப் போடுகிற நேரம் செய்தி வந்தது. பாராளுமன்றம் வாக்களித்து அவரையே நிரந்தரமாக்கிவிட்டதாம்.

‘பதில்’ என்பதை வெட்டி, புதியவரின் பெயரைப் போட்டுத் திருத்தினேன். அண்ணை தாளைப் பறித்துக்கொண்டார். ஓடினவர் திரும்பி வந்தால், புதியவருக்கு எழுதினது குற்றமாகிவிடாதோ? தாளை என்னிடம் திருப்பி நீட்டினார். “ஆற்றை பேரும் வேண்டாம், கதிரைக்கு எழுதுங்கோ. அதிலை ஆர் இருந்தாலும் கோவிக்கமாட்டினம்.”

தாயும் மகளும்

பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து யோகமக்கா வந்தார். அவருடைய மூத்த மகன் முல்லைத்தீவில் சித்தியோடு நின்றவன். போர் முடிந்தபோது ஆமியிடம் சரணடைந்தான். பிறகு ஒரு தகவலும் இல்லை. கூட வந்த மகள் தர்சினி இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

“அண்ணாவின்ரை படம், சித்தியின்ரை விலாசம் எல்லாம் போடுங்கோ அன்ரி. இல்லாட்டி ஸ்வார், பதில், எப்பிடி வரும்?” என்றாள் தர்சினி. யோகமக்கா எட்டி என் கையைப் பிடித்தார். மகளைப் பார்த்துச் சொன்னார்: “உனக்கு அரசாங்கம் எண்டா கடிதத்துக்கு மறுகடிதம் போடுற இடம். எனக்கு அது வாகனத்திலை வந்து ஆளைக் கொண்டுபோற இடம்.”

வந்தவர்கள்

கடைசியில் மகள்தான் வென்றாள். விலாசத்தோடு கடிதம் போனது. சிவா அண்ணைக்கு ஒரு பதிலும் வரவில்லை. யோகமக்காவுக்கு வந்தது வேறு விதம். சாதாரண உடுப்பில் இரண்டு பேர் சித்தியின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நோர்வேயிலிருந்து எழுதினது ஆர், முத்திரையில் பெயர் இருக்கிறவர் எந்த ஊர், ஆரின் பிள்ளை என்று கேட்டார்களாம். தர்சினி அழுதழுது போனில் சொன்னாள்.

என் அண்ணன் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறார்; எங்கள் இருவருக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்தான், முத்திரையிலும் அதுதான் இருக்கிறது. உடனே அவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் எடுத்தவர், குளித்துக்கொண்டு நின்றாராம். அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் யோகமக்கா தனிய வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சித்தி வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதி, படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போனார்களாம். நல்லதுக்கோ கெட்டதுக்கோ ஒருவருக்கும் தெரியாது. கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு சொன்னார்: “இத்தனை வருசத்திலை ஆரும் என்ரை பிள்ளையின்ரை பேரைக் கேக்கேல்லை. பயமாத்தான் கிடக்கு பிள்ளை, இன்னொருக்கா எழுதுவம்.”

ஜனாதிபதிக்கு எழுதுகிற கடிதத்தை ஜனாதிபதியைத் தவிர மற்ற எல்லாரும் வாசிக்கிறார்கள் என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது.