சுருண்டு கிடந்த கேபிள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்கு 'மேல்வீட்டுக்காரி' என்று பெயர். நாளெல்லாம் அந்தரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பல்களிலிருந்து பெட்டிகளை இறக்குவாள். பெற்றவர்கள் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், முதலில் இவன் ஒரு வேலைக்குப் போகட்டும் என்று தட்டிக்கழித்தாள். அவன் அதே துறைமுகத்தில் சுற்றுச்சூழல் அதிகாரியானான்.

கரையில் நிற்கும்போதும் கப்பல்கள் மின்சாரத்துக்காக இன்ஜினை ஓடவிடும். அந்தப் புகை தெருவுக்குள் புகுந்து கொடியில் காயும் துணியைக் கறுப்பாக்கியது. குழந்தைகளுக்கு இழுப்பு வந்தது. பொறுத்துப் பார்த்த தெரு, ஒருநாள் துறைமுக வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. லாரிகள் நகரவில்லை.

தம்பி அக்காவிடம் வந்தான். கரையிலிருந்தே கப்பலுக்குக் கரண்ட் கொடுக்கக் கேபிள் வருகிறது, இன்ஜினை அணைத்துவிடுவார்கள், கூட்டத்தை நீதான் கலைத்துக் கொடுக்க வேண்டும் என்றான். அவள் ஒவ்வொருவரிடமும் பேசினாள். "என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்றாள். அவள் முகத்துக்காக எல்லோரும் எழுந்து போனார்கள்.

கேபிள் வந்தது. திறப்பு விழாவில் படம் எடுத்தார்கள். அதன்பின் கூண்டிலிருந்து அவள் பார்த்ததெல்லாம், கேபிள் சுருண்டு கிடப்பதையும் புகைபோக்கிகள் கக்குவதையும்தான். புதுசுதானே, பழகட்டும் என்று மாதக்கணக்கில் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். கடைசியில் தம்பியின் அறைக்கே போய்க் கேட்டாள்.

அவன் பூசி மெழுகிப் பார்த்தான். பிறகு, இங்கே வரும் கப்பல்களில் பாதிக்கு மேல் அதைச் செருக இடமே கிடையாது, மற்றக் கப்பல்காரர்களைக் கட்டாயப்படுத்தினால் வேறு துறைமுகம் பார்த்துப் போய்விடுவார்கள் என்றான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. நீ சொன்னாதான் அவங்க எழுந்திருப்பாங்கன்னும் தெரியும்."

தெருவை ஏமாற்ற அவள் நாக்கையே இரவல் வாங்கியிருந்தான்.

அன்று மாலையே ஒவ்வொரு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னாள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். இழுப்புக்காரக் குழந்தையின் அம்மா மட்டும், "உன்னையுமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரு மறுபடி வாசலில் உட்கார்ந்தது. இந்த முறை கிரேனும் ஓடவில்லை. செருக வசதியுள்ள கப்பல்களாவது இன்ஜினை அணைத்தே தீரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்றவை இன்னும் புகைகின்றன.

தம்பி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான். அவ்வப்போது போன் செய்கிறான், இவளும் எடுக்கிறாள். அங்கே மழை பெய்கிறது என்று அவன் சொன்னால்கூட, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள்.