சலூன்காரர் குளியலறையை அகலமாக்கினார்

சலூன்காரர் வீட்டுக் குளியலறையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வதில் பாதிதான் பொய். உள்ளே சோப்பு கைநழுவினால் குனிய முடியாது. வெளியே வந்து, குனிந்துகொண்டு, அப்படியே மறுபடி நுழைய வேண்டும். முதுகு தேய்ப்பதென்றால் முழங்கையைச் சன்னல் வழியாக வெளியே விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அந்த முழங்கையிடம், "என்ன, கடைக்குக் கிளம்பியாச்சா?" என்று விசாரிப்பார். முழங்கையும் மரியாதையாக ஆடும்.

சலூன்காரருக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே பட்டதில்லை. சீப்பு மாதிரி ஒல்லி மனிதர். பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போய்விடுவார். மாமியார் அப்படியல்ல. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உடம்பும் குரலும் ஒரு பள்ளிக்கூடத்துக்கென்றே வார்த்தவை. மூத்த மகளின் பங்களாவில்தான் வாசம். அங்கே குளியலறையில் சைக்கிள் ஓட்டலாம். இளையவளுக்கோ அம்மா தன்னோடு நாலு மாதமாவது இருக்கவேண்டும் என்று கொள்ளை ஆசை. அம்மாவும் வருவார், குளியலறையை எட்டிப் பார்ப்பார், ஒரு டீ குடிப்பார், கிளம்பிவிடுவார்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க. இந்தத் தடவையும் டீயோட போயிட்டாங்கன்னா, நானும் கூடவே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க கத்தரிக்கோலோட குடித்தனம் நடத்துங்க" என்றாள் மனைவி. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, தலைநிமிராமல் சொன்னாள். அவள் கத்தினால் பயமில்லை. இப்படிச் சொன்னால் செய்துவிடுவாள்.

இடித்துக் கட்ட வழியில்லை. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், மறுபக்கம் மாடிப்படி. சலூன்காரர் சுவருக்கு வெள்ளையடித்தார். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். தரையை அடைத்துக்கொண்டிருந்த வாளியைக் கொக்கியில் மாட்டினார். மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முன்னாடி தீப்பெட்டி. இப்ப வெள்ளைத் தீப்பெட்டி."

அப்போதுதான் அவருக்குத் தன் கடை ஞாபகம் வந்தது. அவர் கடையும் ஒன்றும் மைதானமில்லை, இரண்டு நாற்காலிதான். ஆனால் எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டியிருப்பதால், நாற்காலி வரிசை அடிவானம் வரை போகும். கூட்டமான நாளில் ஒருவர் கண்ணாடிக்குள் காலியாகத் தெரிந்த ஐந்தாவது நாற்காலியில் உட்காரப் போய், நெற்றி புடைத்துத் திரும்பியிருக்கிறார். இடம் வேண்டுமா, கண்ணாடி மாட்டு. அவர் தொழிலில் வேதமே அதுதான்.

கடையில் மாற்றிப்போட்ட பழைய கண்ணாடிகளைக் கொண்டுவந்து, குளியலறையின் நாலு சுவரிலும் கதவின் உட்புறத்திலும் பதித்தார். சோதனைக் குளியலுக்கு அவரே இறங்கினார். அறை திசைக்கொரு தெருவாக நீண்டது. கூடவே ஒரு துக்கமும் வந்தது. ஊரார் பின்னந்தலையையெல்லாம் கண்ணாடி பிடித்துக் காட்டியவர், தன் பின்னந்தலையை அன்றுதான் பார்த்தார். உச்சிக்குக் கீழே தோசைக்கல் அளவு வழுக்கை, அதுவும் ஆயிரம் தோசைக்கல்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். "அட, பெரிசாத்தான் இருக்கு" என்று துண்டோடு உள்ளே போனார். மனைவி கணவனை அதிசயமாகப் பார்த்தாள். சலூன்காரர் மீசையைத் தடவுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"உள்ள ஒரே கூட்டம் மாப்பிள்ளை."

"யாரும் இல்லையே அத்தை. எல்லாம் நீங்கதான்."

"நான்தான்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடி பார்க்காதவளா நான்? இத்தனை என்னை வச்சுக்கிட்டு ஒரு ஆள் எப்படிக் குளிக்கிறது? பங்களாவுல இடம் பெரிசு, ஆள் நான் ஒருத்தி. இங்க இடத்தைப் பெரிசாக்கி ஆளையும் ஏத்தி வச்சிருக்கீங்க."

மனைவி பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

"துணி போட்டு மூடிடறேன் அத்தை, ஒரு நிமிஷம்" என்று சலூன்காரர் போர்வை தேடி ஓடினார். "மூக்குக்கண்ணாடியை உள்ள வச்சிட்டேன்" என்று மாமியார் மறுபடி உள்ளே போனார். போனவர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"கடைசி வரிசை, ஏன் கோணலா நிக்குது? நிமிர்ந்து நில்லுங்க." சொம்பால் வாளியைத் தட்டும் சத்தம். "ம், இப்ப சரி."

பிறகு தண்ணீர் விழுந்தது. தண்ணீர்ச் சத்தத்தை மீறி, நகம் வெட்டுவதன் அவசியம் பற்றி ஒரு முழுப் பேருரை விழுந்தது. மகளும் மருமகனும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். டீ ஆறி ஆடை கட்டியபின் மாமியார் வெளியே வந்தார். முகம் பளபளவென்றிருந்தது.

"உங்க அக்கா வீட்டுல நான் வாயைத் திறந்தா, ஆளுக்கொரு போனைத் தூக்கிட்டு எழுந்து போயிடுறாங்க. இங்க ஒருத்தி அசையல. நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறாளுக" என்றவர், மகள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "காலிப் பெட்டியா? நல்லதாப் போச்சு. என் துணியை எடுத்து இதுல வை. நான் இப்போதைக்குப் போகல."

மனைவி அன்று அடுப்படியில் பாட்டுப் பாடினாள். குளியலறை பெரிசாகிவிட்டதா என்று கேட்டால், பெரிசுதான். ஒரு பள்ளிக்கூடமே கொள்கிறது. சலூன்காரருக்குத்தான் இடமில்லை. காலையில் துண்டோடு கதவைத் தட்டுவார்.

"அத்தை, கடை திறக்கணும்."

"இப்பதான் வருகைப்பதிவு எடுத்திருக்கேன் மாப்பிள்ளை."

இப்போதெல்லாம் அவர் கடையில்தான் குளிக்கிறார், தலை கழுவும் தொட்டியில், தவணை முறையில். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். அவரோ காலை ஒரு நாற்காலியிலும் தலையைத் தொட்டியிலும் வைத்துக்கொண்டு, "அடுத்தது நீங்கதான், உட்காருங்க" என்கிறார்.